கார்டுக்குள் இருந்த மருந்துக் காசு

2007ஆம் ஆண்டு, ஒரு மழை நாளில் ஹட்டன் நகரில் நடந்தது இது. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளை மடுவத்தில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. சம்பளத்தை வங்கியில் போடத் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. கையில் புதிதாக ஒரு கார்டு.

என் இரண்டு வயது மகளுக்கு மூச்சு இழுப்பு வந்துவிட்டது, ஹட்டனுக்குத் தூக்கிப் போனேன். டாக்டர் ஆவி பிடிக்க வைத்து, "இந்த மருந்த இன்னைக்கே தொடங்கிருங்க" என்று துண்டு எழுதிக் கொடுத்தார். அவருக்குக் கொடுத்தது போக, பஸ்ஸுக்குத்தான் காசு மிச்சம்.

எங்கள் வங்கியின் இயந்திரம் அன்று பழுது. எதிரே இருந்த வேறொரு வங்கியின் இயந்திரத்தில் கார்டைப் போட்டேன். மருந்துக்கு வேண்டியது கணக்கில் இருந்தது, எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் காசு வரவில்லை. மீதியைப் பார்த்தேன். திரும்பவும் காசு கேட்டுத் தட்டினேன். மறுபடி மீதியைப் பார்த்தால், தொகை குறைந்திருக்கிறது! தோளில் கிடந்த மகள் மூச்சுக்குத் திணறினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அக்கா, இனித் தட்டாதீங்க," என்றார் பின்னால் நின்ற இளைஞர். "வேற பேங்க் மிஷின்ல மீதி பார்த்தாலே காசு வெட்டுவாங்க. எடுக்குறதுக்கு இன்னும் கூட. அதான் பத்தல."

"புள்ளைக்கு மருந்து வாங்கணுமே தம்பி..."

"அதுக்கு எதுக்குங்க காசு? கார்டையே கடையில குடுங்க. அங்க ஒண்ணும் வெட்ட மாட்டாங்க. வாங்க."

கொழும்புக் கடையொன்றில் வேலை செய்கிறவராம், லீவுக்கு வந்திருந்தார். தன் குடையை எங்கள் பக்கம் சாய்த்து, தான் நனைந்தபடியே மருந்துக்கடைக்குக் கூட்டிப்போனார். கடைக்கார அம்மாவிடம் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா கார்டை ஒரு சின்ன மிஷினில் இழுத்தார். அது டெலிபோன் லைனில் கீச்சிட்டது, அப்புறம் சத்தமே இல்லை. கார்டைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன்.

"பயம் வேணாம், லைன் சரி இல்ல. திரும்ப போடுறது," என்றார் அந்த அம்மா, தனக்குத் தெரிந்த தமிழில்.

இரண்டாம் முறை ரசீதுத் துண்டு சரசரவென்று வெளியே வந்தது. கணக்கில் மிஞ்சியிருந்தது மட்டுமட்டாகப் போதுமாக இருந்தது. அங்கேயே மகளுக்கு மருந்தைக் கொடுத்துவிட்டு நன்றி சொல்லத் திரும்பினால், அந்த இளைஞரைக் காணோம்.

பஸ்ஸில் மகள் சீராக மூச்சுவிட்டுத் தூங்கினாள்.

அவர் எனக்கு ஒரு சதமும் தரவில்லை. என் உழைப்புக் காசிலேயே என் பிள்ளைக்கு மருந்து வாங்க வழிகாட்டினார், அதனால்தான் இன்றும் அவரை நினைத்தால் மனம் நிறைகிறது.