ஈயக் குண்டும் பாப்ளின் துணியும்

அந்த அரையாண்டு விடுமுறைக்கு மாமா எனக்கு வாங்கித் தருவதாகச் சொன்னது ஒரு பொம்மை. கொண்டுவந்து காட்டியது ஓர் இரும்பு அச்சு. இரண்டு கட்டிகளைச் சேர்த்து வைத்தால் நடுவில் நெல்லிக்காய் அளவுக்கு உருண்டையான பள்ளம் இருக்கும். மேலே ஈயம் ஊற்ற ஒரு துளை.

"பொம்மை எல்லார் வீட்லயும் இருக்கும் பாப்பா. இது இந்தியாவுலயே ஒண்ணுதான் இருக்கு" என்றார். எனக்கு ஒன்பது வயது. நம்பினேன்.

அறுபதுகளின் கடைசி அது. மாமா என் அம்மாவின் தம்பி. ஓசூரில் எங்கள் வீட்டில் தங்கி, தினமும் முதல் பஸ் பிடித்துப் பெங்களூரில் ஒரு தொழிற்சாலைக்கு லேத் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். எதைப் பார்த்தாலும் அதன் 'டயா' என்ன, குறுக்களவு எவ்வளவு என்று கேட்பார். அம்மா சுட்ட தோசைக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கிறது. அவரையும் என்னையும் நாட்றாம்பாளையத்தில் பெரியம்மா வீட்டுக்கு முன்னால் அனுப்பிவிட்டு, அம்மாவும் அப்பாவும் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வருவதாக ஏற்பாடு. என் பெட்டியில் அம்மா தைத்த புது கவுன் இருந்தது. ரோஜா நிறப் பாப்ளின். நான் வளர வளர இறக்கிவிடுவதற்காகக் கீழே நாலு விரல் அகலத்துக்கு மடித்துத் தைத்திருந்தாள்.

மாமா அந்த அச்சைச் செய்ததற்குக் காரணம் ஒரு காட்டுப்பன்றி.

பெரியப்பாவின் கேழ்வரகுக் காடு மலையடிவாரத்தில் இருந்தது. கதிர் பிடித்து அறுப்புக்கு ஒரு மாதம் இருக்கும்போதே ஒற்றை ஆண்பன்றி ஒன்று இறங்க ஆரம்பித்தது. தின்றது கொஞ்சம், உழப்பிப் போட்டது நிறைய. நாங்கள் போவதற்கு முந்தின வாரம் பக்கத்து நிலத்துக்காரருடைய காளையின் வயிற்றைக் கொம்பால் கிழித்துவிட்டது. கொம்பு என்றால் வாய்க்கு வெளியே வளைந்து நிற்கும் பல்தான். ஊரில் கொம்பு என்றே சொல்வார்கள். காளை மூன்று நாள் கிடந்து செத்தது. அதற்கப்புறம் பெண்கள் கிணற்றுக்குத் தனியாகப் போகவில்லை.

அந்த வட்டாரத்தில் பயிர்க்காவலுக்கு லைசென்ஸ் உள்ள துப்பாக்கி பெரியப்பாவுடையது ஒன்றுதான். குழாயின் வாய்வழியாகக் கருமருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, நீளக் கம்பியால் இடித்து இறக்கிச் சுடும் நாட்டுத் துப்பாக்கி. என் அம்மாவைப் பெற்ற தாத்தா வைத்திருந்தது அது; அவருக்குக் குண்டு வார்த்துக் கொடுத்து வளர்ந்தவள் பெரியம்மா. அவர் போன பிறகு பெரியப்பாவின் பேருக்கு மாறியது. ஒரு முறை சுட்டால் மறுபடி கெட்டிப்பதற்குள் பன்றி மலையேறிவிடும், அல்லது நம்மேல் ஏறிவிடும். பெரியப்பா அந்த மாதத்தில் இரண்டு முறை சுட்டு இரண்டும் வீணாகியிருந்தன.

"பொடிக் குண்டு ரவை போட்டு சுட்டா அது தோலுக்கு ஒறைக்கவே ஒறைக்காது, மாப்ளே. முயலுக்கும் கவுதாரிக்கும்தான் ரவை. இதுக்கு ஒத்தைக் குண்டு வேணும்" என்று பெரியப்பா, குழாய் வாயளவுக்கு வெட்டிய குச்சி ஒன்றோடு, மாமாவுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்.

மாமாவுக்கு அது போதும். போய் இறங்கியதும் தண்ணீர்கூடக் குடிக்காமல் துப்பாக்கியை வாங்கி, குழாயின் வாய்க்குள் அளவுகோலை விட்டுப் பார்த்தார். பிறகு பையைக் கவிழ்த்தார். அச்சு, மைக்ரோமீட்டர், ஓசூர் அச்சகம் ஒன்றில் கேட்டு வாங்கிய தேய்ந்துபோன ஈய அச்செழுத்துகள் ஒரு பொட்டலம், அப்புறம் பளபளவென்று நாலு எஃகு உருண்டைகள்.

"மச்சான், இதப் பாருங்க. பேரிங் குண்டு. இதுக்கு மேல உருண்டையா ஒண்ணு உலகத்துலயே கெடையாது."

பெரியம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அதக் கோலி வெளையாட பாப்பாகிட்டக் குடு. குழாயக் கீறிடும். உள்ள போனா ஊசியாட்டம் அந்தப் பக்கம் போயிடும். பன்னி செத்துப்போறதுக்குப் பதிலா வெறி புடிச்சு ஓடியாரும்" என்றாள்.

தொழிற்சாலை உத்தியோகஸ்தரை ஒரு பெண்பிள்ளை இப்படிச் சொல்லலாமா என்று எனக்குத் திகைப்பு. மாமா உருண்டைகளை என் கையில் கொடுத்துவிட்டார். அவருக்கு அவள் அக்கா.

மறுநாள் காலையிலேயே ஈயம் உருக்க ஆரம்பித்தோம். ஒரு பக்கம் மாமாவின் அச்செழுத்து. இன்னொரு பக்கம், காவேரியில் பரிசல் போட்டு மீன் பிடிப்பவர்களிடமிருந்து பெரியம்மா வாங்கி வைத்திருந்த வலை ஈயம். ஒரே அச்சில் இரண்டையும் தனித்தனியாக ஊற்றினார்கள். குளிர்ந்து விழுந்த குண்டுகளைப் பார்த்தால் எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. மாமா மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கூவினார்.

"அக்கா! அச்செழுத்துக் குண்டு துளி பெரிசா வந்திருக்கு. வலை ஈயம் சுருங்கியிருக்கு!"

"நகத்தால கீறிப் பாரு" என்றாள் பெரியம்மா. வலை ஈயத்தில் என் நகம் கோடு போட்டது. அச்செழுத்துக் குண்டில் நகம்தான் மழுங்கியது.

நிலத்தின் ஓரத்தில் ஈர மண்மேடு ஒன்று இருந்தது. அதன்மேல் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு, கரித்துண்டால் தட்டு அளவுக்கு வட்டம் போடும் வேலை என்னுடையது. அங்கிருந்து முப்பது தப்படி தள்ளி, மாமா ஒரு மரக்கட்டையின்மேல் மணல்மூட்டைகளை வைத்துத் துப்பாக்கியை அசையாமல் பதித்தார். ஆள் தோளில் வைத்துச் சுட்டால் குண்டின் குணம் தெரியாது, ஆளின் குணம்தான் தெரியும் என்பது அவர் கட்சி.

முதல் வெடியிலேயே மலை முழுக்கக் காக்கைகள் கிளம்பின. புகை கலைவதற்குள் நான் ஓடினேன். "ஏய், நில்லு!" என்று மூன்று பேரும் கத்தியது எனக்குக் கேட்கவில்லை. சாக்கில் ஓட்டையே இல்லை! வெறுமனே போட்ட குண்டு குழாய்க்குள் இங்கும் அங்கும் இடித்துக்கொண்டு தன்னிஷ்டத்துக்குப் போய்விட்டது.

"துணி சுத்தாம போட்டா அப்படித்தான்" என்றாள் பெரியம்மா. குண்டுக்கும் குழாய்க்கும் நடுவே எண்ணெயில் நனைத்த துணி வேண்டும். அது இடைவெளியை அடைத்துக் குண்டை நேராகத் தள்ளும். மாமா தன் காக்கிச் சட்டைத் துணியைக் கிழித்துத் தந்தார். தடிப்பாக இருந்ததால் குண்டு பாதி வழியில் மாட்டிக்கொண்டது. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் இடம் விட்டுச் சுட்டால் குழாயே வெடித்துவிடுமாம். அதைத் தண்ணீர் ஊற்றி, திருகி, வெளியே எடுப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. அப்போதுதான் பெரியம்மா இடிக்கும் கம்பியில் ஆணியால் ஒரு கோடு கீறினாள். கோடு குழாயின் வாய்க்கு வந்தால் குண்டு மருந்தின்மேல் சரியாக உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். பழைய வேட்டித்துணி போட்டோம். அது நைந்து கருகி வெளியே வந்தது. குண்டு சாக்கின் ஓரத்தைத் தொட்டது.

"இதுக்கும் அதுக்கும் நடுவால ஒரு துணி வேணும். இழை நெருக்கமா, மெல்லிசா" என்றார் மாமா, தலையைச் சொறிந்துகொண்டு.

எனக்குத் தெரியும் அப்படி ஒரு துணி எங்கே இருக்கிறதென்று.

யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு ஓடி, கவுனின் கீழ்மடிப்பைப் பிரித்து, பெரியம்மாவின் கத்தரிக்கோலால் நாலு விரல் அகலத்துக்குச் சுற்றிவர வெட்டிக்கொண்டு வந்தேன். ரோஜாத் துணியைப் பார்த்ததும் மாமா வாயைப் பிளந்தார். பெரியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "உங்கம்மா வரட்டும், இருக்கு உனக்கு" என்றபடியே துணியை விளக்கெண்ணெயில் முக்கினாள்.

மூன்று குண்டு சுட்டோம். மூன்றும் வலை ஈயம். மூன்றும் வட்டத்துக்குள்! என் உள்ளங்கையை விரித்து வைத்தால் மூன்று ஓட்டையும் மறைந்துவிடும். நான் குதித்த குதியில் கால்கொலுசு தெறித்து விழுந்தது. அச்செழுத்துக் குண்டையும் ஒன்று விட்டுப் பார்த்தோம். அது இறங்கவே அடம்பிடித்து, பிறகு வட்டத்துக்கு ஒரு முழம் மேலே போனது. மண்மேட்டைத் தோண்டி எடுத்தது நான்தான். அச்செழுத்துக் குண்டு சில்லுசில்லாக உடைந்திருந்தது. வலை ஈயம் ஒன்றுகூட உடையவில்லை. குடைக்காளான் மாதிரி விரிந்து, ஒவ்வொன்றும் எட்டணாக் காசு அகலத்துக்கு இருந்தது.

"இதுதான்" என்றாள் பெரியம்மா. "மருந்து இந்த மூங்கில் குப்பி ஒண்ணு. அதுக்கு மேல ஒரு சிட்டிகை கூடாது."

பெரியப்பா அதுவரை வரப்பில் உட்கார்ந்திருந்தார். இப்போது எழுந்து வந்து, "குடு மாப்ளே, தோள்ல வச்சு ஒண்ணு பாக்கறேன்" என்றார்.

சுட்டார். சாக்கில் புது ஓட்டை எதுவும் இல்லை. இடது பக்கம் ஒரு கை நீளம் தள்ளி மண் சிதறியிருந்தது. மாமா பரபரவென்று குண்டை மறுபடி அளந்தார், துணியைத் தடவினார், மருந்தை முகர்ந்தார். பெரியப்பா இன்னொரு முறை சுட்டார். இன்னும் தள்ளிப் போனது.

"பாப்பா, வட்டத்த எங்க போட்ட?" என்று கேட்டார் பெரியப்பா.

"அங்கியேதான் இருக்கு பெரியப்பா. நடுவால."

"கரி சரியா விழல போல. சுண்ணாம்புல பெருசாப் போடு."

போட்டேன். மூன்றாவதும் தவறியது. "மச்சான், குண்டுல ஒரு கொறையும் இல்ல. ஒருவேளை உங்க..." என்று மாமா ஆரம்பித்தார்.

"காத்து அடிக்குதுடா" என்றாள் பெரியம்மா சட்டென்று. நிலத்தில் ஒரு கதிர்கூட ஆடவில்லை. ஆனால் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரைக் கண்டுபிடிக்கிற மாமா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமா, காத்துதான். நல்ல காத்து" என்றார்.

அடுத்த நாள் சாயங்காலம் நிலத்தின் நடுவில் இருக்கும் பாறையில் ஏறி உட்கார்ந்தோம். ஆனை உயரப் பாறை. பன்றியால் ஏற முடியாது. வீட்டில் தனியாக விடப் பயந்து என்னையும் கூட்டிப் போனார்கள். மாமா துப்பாக்கியைக் கெட்டித்தார். மருந்து, ரோஜாத் துணி, குண்டு. கம்பியில் கீறிய கோடு வாய்க்கு வந்ததை விரலை வைத்து எனக்குக் காட்டினார். பெரியப்பா வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். என் வாயைப் பெரியம்மாவின் கை பொத்தியிருந்தது.

மலைக்குப் பின்னால் வெயில் இறங்கி, கதிரெல்லாம் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்த நேரம். முதலில் சத்தம் கேட்டது, ஈரத்துணியைக் கிழிப்பது மாதிரி. பிறகு கதிர்கள் பிளந்தன. வந்துவிட்டது! நான் நினைத்ததைவிட இரண்டு மடங்கு. கழுத்துமயிர் சிலிர்த்து நிற்க, சேறு காய்ந்து வெடித்த உடம்போடு, எங்களுக்கு இருபத்தைந்து தப்படி தூரத்தில் பக்கவாட்டாக நின்று மென்றுகொண்டிருந்தது.

பெரியப்பா துப்பாக்கியைத் தூக்கினார். குழாய் பன்றிக்கு நேராகப் போய், அதைத் தாண்டி, மறுபடி திரும்பி வந்தது. அவர் கண்ணை மூடித் திறந்தார். குழாய் மறுபடி நகர்ந்தது. சுடுங்க, சுடுங்க என்று என் உடம்பெல்லாம் கத்தியது. பன்றி தலையை நிமிர்த்தி மோப்பம் பிடித்தது.

பெரியப்பா துப்பாக்கியைத் தாழ்த்தினார். திரும்பிக்கூடப் பார்க்காமல் பக்கத்தில் நீட்டினார்.

பெரியம்மா அதை ரொம்ப நேரமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தவள் மாதிரி வாங்கினாள். பாறை விளிம்பில் முழங்கையை ஊன்றினாள். முந்தானையை வாயில் கடித்துக்கொண்டாள். முன்னங்காலுக்குப் பின்னால், தோளுக்குக் கீழே. நான் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சை இழுத்து நிறுத்தினாள். வெடித்தது. ஒன்றும் தெரியவில்லை, புகைதான். புகைக்குள்ளே ஏதோ திமிறி ஓடுகிற சத்தம், இருபது தப்படி இருக்கும், அப்புறம் மரம் சாய்வது போல ஒரு ஓசை. அவ்வளவுதான்.

"விழுந்துடுச்சு! ஒரே குண்டு!" மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். நான் கத்தின கத்தில் தொண்டை கட்டிக்கொண்டது.

பெரியம்மா துப்பாக்கியைப் பெரியப்பாவின் கையில் திருப்பிக் கொடுத்தாள். என்னைக் கிட்டே இழுத்து, "இந்தா பாரு, லைசென்ஸ் பெரியப்பா பேர்ல இருக்கு. நான் சுட்டேன்னு தெரிஞ்சா போலீஸ் வரும். யாரு கேட்டாலும் பெரியப்பா சுட்டாருன்னுதான் சொல்லணும். சாமி சத்தியம்?" என்றாள். சத்தியம் செய்தேன். போலீஸ் வரக்கூடிய ஒரு ரகசியம் என் கையில் இருந்தது! பன்றி விழுந்ததைவிட அது இனித்தது.

வெடிச்சத்தம் கேட்டு ஊரே லாந்தரோடு ஓடிவந்தது. பக்கத்து நிலத்துக்காரர் செத்துக் கிடந்த பன்றியைச் சுற்றிச் சுற்றி வந்தார். தோளுக்குக் கீழே ஒரே ஓட்டை. "யார் சுட்டது பாப்பா?" என்று கேட்டார். "பெரியப்பா!" என்று கட்டிப்போன தொண்டையால் முடிந்தவரைக்கும் கத்தினேன். அவர் வீட்டில் பேசுவது கன்னடம், எங்களோடு தமிழ். பெரியப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அப்பப்பா! இந்த இருட்டுல, ஒரே குண்டுல! கண்ணா அண்ணா அது? கருடன் கண்ணு!" என்றார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

பெரியப்பா கையை விடுவித்துக்கொண்டார்.

"நான் சுடல" என்றார். "இவதான் சுட்டா. எனக்குப் பன்னி நின்னதே தெரியல. ஆறு மாசமாவே ஒண்ணும் சரியாத் தெரியல."

லாந்தர்கள் அப்படியே நின்றன. மாமா தரையைப் பார்த்தார். அவ்வளவு பெரிய பன்றியைக் கண்ணிமைக்காமல் சாய்த்த பெரியம்மா, பாறை ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பெரியப்பா போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஆறு மாதமாக அவர் அதை எல்லோருக்கும் ஒளித்து வந்ததும், அவள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டு, தெரியாதவள்போல பழியை ரவைமேலும் காற்றுமேலும் போக விட்டதும், அவருடைய கண்ணைக் காப்பாற்ற முடியாவிட்டாலும் குறி தப்பாதவர் என்ற பேரையாவது காப்பாற்றப் பார்த்ததும் ஒன்பது வயதில் எனக்கு எங்கே தெரியும்? சத்தியத்தைப் பெரியப்பாவே உடைத்துவிட்டார், இனிமேல் பெரியம்மாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள், அதற்குத்தான் அழுகிறாள் என்று எண்ணினேன். ஓடிப்போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதோடு சொன்னேன்:

"அழாதீங்க பெரியம்மா. போலீஸ் வந்தா நான்தான் சுட்டேன்னு சொல்லிடறேன்."