இரண்டு எண் கொண்ட நெருப்பு

நான் முந்தல் ஊரில் இறால் தீனி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது நஸீமாவின் உம்மா எனக்குப் போன் எடுத்தார். "புள்ள, அவ மௌத்தாப் போயிட்டா" என்றார். அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை. சிலாபத்தில் ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை மூச்சுக்குப் போராடிய பிள்ளை. கையில் தீனித் தூளோடு வீதியோரம் உட்கார்ந்துவிட்டேன். முதலில் எனக்கு வந்தது அழுகை இல்லை, பயம். அவள் டைப் செய்து கொடுத்த பட்டியல்களை இனி யார் தேடிப் பிடிப்பது என்ற பயம்.

எனக்கு ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. நஸீமாவைத் தெரிந்தவர்களுக்கு, நான் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தபோது அவள் கைக்குழந்தையாம். சண்டை முடிந்த பிறகு முந்தலில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் டைப் செய்தாள். நான் வேலை செய்த இறால் பண்ணைக்குச் சீனாவிலிருந்து மருந்துப் பரல்கள், பெரிய பீப்பாய்கள், வரும். மேலே சீன எழுத்து மட்டும்தான். எது நெருப்புக்கு ஆகாது, எது நஞ்சு என்று கணினியில் ஒரு பட்டியல் போட்டுத் தரும்படி முதலாளி அவளிடம் கேட்டார். அவளுக்குச் சீனம் தெரியாது. பரலைப் பார்ப்பாள், கணினியின் எழுத்துக் கட்டத்தில் அதே உருவைத் தேடி எடுத்து வைப்பாள்.

களஞ்சியத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சீனக் கம்பனி கணினியில் அனுப்பிய தாளிலிருந்து நெருப்பு எழுத்தைக் கொப்பி எடுத்துப் போட்டுப் பட்டியலில் தேடுவார்கள். தேடலில் வருகிற பரல்கள் சீமெந்து அறைக்குப் போகும். வராதவை டீசல் என்ஜின் கொட்டகையில் கிடக்கும். இல்லை என்று வந்தால் ஆபத்தில்லை. அவ்வளவுதான்.

ஒரு நாள் மத்தியானம் நஸீமா, இரண்டு சீன உருவும் கீழே இரண்டு எண்ணும் அச்சடித்த தாள் ஒன்றோடு என்னிடம் ஓடி வந்தாள். "அக்கா, இது ரெண்டும் ஒண்டா, வேறயா?"

"ஒண்டுதான். என்ன விளையாட்டு இது?"

"கண்ணுக்கு ஒண்டு. கொம்பியூட்டருக்குக் கண் இல்ல அக்கா, அது நம்பரத்தான் பார்க்கும். இது நெருப்பு எண்ட எழுத்து. மற்றது, சீன அகராதியில எழுத்துகள அடுக்கிறதுக்கு வச்சிருக்கிற மூல உறுப்பு. ரெட்டைப் பிள்ளைகள் போல. ஒரே மூஞ்சி, அடையாள அட்டை நம்பர் வேற. நான் சில பரலுக்கு உறுப்ப எடுத்து வச்சிட்டன். எழுத்தப் போட்டுத் தேடினா அதுகள் வராது."

மேற்பார்வையாளர் சிரித்தார். "என்ன மிஸ், சீனாவுக்குப் போய்ப் படிச்சிட்டா வாறீங்க?"

"இல்ல சேர், முந்தலில இருந்துதான். பஸ்ஸில நிண்டுகொண்டு வந்தன்."

"தேடிப் பார்த்தாச்சு, இல்ல. இல்லாத நெருப்புக்கு என்ன பயம்?"

"உங்கட கொட்டகையில இருக்குது சேர். பட்டியலில மட்டும்தான் இல்ல."

நாளைக்குப் பார்ப்போம் என்றார். அவள் போகவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குள் போய், பரல் பரலாகத் தடவிப் பார்த்தாள். ஒன்றின் மூடி விலகி, குளோரின் தூள் கொட்டிக் கிடந்தது. அதற்குள் டீசல் ஊறியிருந்தது. டீசல் பட்டால் தானே பற்றிக்கொள்கிற தூள் அது. எனக்குப் புகை தெரிய முதல் வாடை தெரிந்தது, மூக்கைக் கிழிக்கிற வாடை. அவள் என்னை வெளியே தள்ளினாள். இரண்டு பரலை உருட்டிக்கொண்டு வந்தாள். மூன்றாவதற்குப் போய்ப் புகையில் விழுந்தவளை ஆட்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு அவள் கேட்டது தன் உயிரைப் பற்றி அல்ல. "அக்கா, பட்டியல் நல்லாயிருக்குது எண்டு வேற பண்ணைக்காரரும் கொப்பி எடுத்தாங்க. ஆரார் எண்டு நான் எழுதி வைக்கல்ல."

"உன்ட பிழை இல்ல புள்ள. சொல்லியும் கேக்காத ஆக்கள்ட பிழை."

"பிழை ஆர்ட எண்டு பிறகு பார்ப்பம். பட்டியல் எங்க எண்டு பாருங்க."

அவளைத் தெரிந்தவர்களே, உங்கள் களஞ்சியத்தில் அவள் டைப் செய்த பட்டியல் இருந்தால் அதில் தேடாதீர்கள். போய்ப் பரலைப் பாருங்கள்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் தாள்தான். ஒரே முகத்தோடு இரண்டு நெருப்பு, கீழே இரண்டு எண். அதை மடித்துச் சட்டைக்குள் வைத்திருக்கிறேன். நேற்று உடப்பு ஊருக்குப் போகிற வழியில் ஒரு பண்ணை. டீசல் என்ஜினுக்குப் பக்கத்தில் நீலப் பரல்கள் நின்றன. நெருப்புக்கு ஆகாத பரல் இருக்கிறதா என்று கேட்டேன். வாசலில் இருந்தவர் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அப்பிடி ஒண்டும் இல்லியே அக்கா" என்றார்.

நான் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.