செல்லம் சித்தியின் ஸ்ட்ராபெர்ரி கேக்

ஃபேரர் பார்க் கடையொன்றில் இன்று ஸ்ட்ராபெர்ரி வாசம் வந்ததும், ரேஸ் கோர்ஸ் ரோட்டில் பிற்பாடு இடிபட்டுப்போன எங்கள் பழைய வீட்டில், இரும்புச் சட்டியின் மூடிமேல் கரிநெருப்பைப் பரப்பி கேக் சுடும் செல்லம் சித்தி நினைவுக்கு வந்தார். சிவப்பு எசன்ஸ் ஊற்றியே ஸ்ட்ராபெர்ரி கேக் செய்துவந்த சித்தி, பல வருஷமாக அந்தப் பழத்தைக் கண்டதேயில்லை.

கப்பலில் சமையல் வேலை பார்த்த பக்கத்து வீட்டுக் காதர் மாமா, ஒருமுறை என் பிறந்தநாளுக்கு ஆறு ஸ்ட்ராபெர்ரிப் பழங்கள் கொண்டுவந்தார். ஒன்றைக்கூட ருசிபார்க்காமல் சித்தி ஆறையும் கேக்கின்மேல் அடுக்கினார். விருந்துக்கு வந்த பிள்ளைகளில் முதலில் கடித்த பையன் "புளிக்குது" என்றதும், மற்ற பிள்ளைகள் பழத்தைத் தட்டோரம் ஒதுக்கிவிட்டார்கள்.

சித்தியின் முகம் வாடிவிட்டது. ஒதுக்கிய பழமொன்றை எடுத்து மெதுவாக மென்றார்.

"நல்லா இருக்கா சித்தி?"

"நல்லாத்தான் இருக்கு லா. அப்ப இத்தனை நாளா நான் சுட்டது என்ன பழம்?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மீதியை நாங்கள் இருவருமே தின்று தீர்த்தோம்.