சுந்தராம்பாளைக் கொன்றவன்

வேங்கடாசலத்துக்குக் கதை தமிழில்தான் வரும், எழுத்து தெலுங்கில்தான் வரும். ஆந்திர எல்லையோர விஜயபுரத்துக்காரன். வீட்டில் பேசியதெல்லாம் தமிழ், பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பிலிருந்தே தெலுங்கு. தமிழ்ப் போஸ்டரைக் கண்டால் கோலத்தைப் பார்ப்பதுபோல் பார்ப்பான். அந்தப் பக்கத்தில் நிறையப் பேர் அப்படித்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவர்களில் யாருக்கும் தமிழ் எழுத்தாளராக வேண்டும் என்ற ஆசை வரவில்லை. இவனுக்கு வந்து தொலைத்தது.

ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை, திருப்பதியில் வாடகை வீடு. மனைவி யாமினி அவனுடைய மாமன் மகள், பள்ளிப்பட்டில் தமிழில் படித்தவள். ஷிப்ட் முடிந்து வந்து, காலை நீட்டிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு அவன் கதை சொல்வான். அவள் அரிசி கொதிக்கும் நேரத்தில் அடுப்படியில் நின்றபடியே போனில் தட்டச்சு செய்து, கதைகள் வெளியிடும் ஒரு செயலியில் ஏற்றுவாள். தொடரின் பெயர் ‘இருட்டு ஸ்டேஷன்’. நாயகன் இன்ஸ்பெக்டர் பைரவமூர்த்தி. செத்தவர்கள் செய்யும் குற்றங்களை எந்த ஸ்டேஷனிலும் பதிவு செய்ய மாட்டார்கள் அல்லவா, அதெல்லாம் அவரிடம்தான் வரும். லாட்ஜில் தங்கும் பக்தர்களின் நிழலைத் திருடும் பேய் ஒரு கேஸ். மலைப்பாதையில் டிரைவர் இல்லாமல் இறங்கும் பஸ் இன்னொரு கேஸ். மூளை இருக்கிற ஆள்தான் வேங்கடாசலம், அதை நான் மறுக்கவில்லை.

தொடர் பிடித்துக்கொண்டது. வாசகர்கள் எழுதுவதை யாமினி படித்துச் சொல்வாள்: “சூப்பராம், அருமையாம், அடுத்த பாகம் எப்போன்னு கேக்கறாங்க.” தொழிற்சாலையில் சூப்பர்வைசரே வந்து தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து வேங்கடாசலம் கேன்டீன் வரிசையில் நிற்கும்போதுகூட ஒரு எழுத்தாளர் நிற்பதுபோல்தான் நின்றான்.

பிறகு சித்தூரில் ஒரு தமிழ் மன்றத்தார் விழாவுக்குக் கூப்பிட்டார்கள். மண்டப வாசலில் பெரிய பேனர். அதில் தன் பெயர் எது என்று அவனுக்குத் தெரியவில்லை, படத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தான். செயலாளர் கோபிகிருஷ்ணன் மாலை போட்டுவிட்டு, ஒரு அத்தியாயம் வாசிக்கச் சொன்னார்.

“கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டேன் சார். வீட்டுக்காரம்மா படிப்பாங்க” என்றான் வேங்கடாசலம். பிறந்ததிலிருந்து அவன் கண்ணாடி போட்டதே இல்லை.

யாமினி எழுந்து மைக்குக்கு வந்ததும் பின் வரிசையிலிருந்து ஒரு பெண் கத்தினாள்: “சுந்தராம்பாள் வர்ற எடம் படிம்மா!” மண்டபமே கை தட்டியது. வேறு யாருடைய கதையையோ கேட்கிறார்கள் என்று வேங்கடாசலம் நினைத்தான். யாமினியின் முகத்தைப் பார்த்தான். அதில் ரத்தமே இல்லை.

அவள் படித்தாள். சுந்தராம்பாள் செத்துப்போனவள். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் புத்தூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருப்பவள். பைரவமூர்த்திக்கு அவள்தான் உதவி. யாரைப் பிடித்துவந்தாலும் முதலில் “இன்னா துன்ன?” என்று கேட்பாள். நிழல் திருட்டில் சிக்கியவன், தான் பேயில்லை என்று காட்ட, அன்றைக்கு அக்கா வீட்டில் கறிக்குழம்பு சாப்பிட்டதாகச் சொல்கிறான். “உப்பு சரியா இருந்துச்சா?” என்கிறாள் சுந்தராம்பாள். அவன் விழிக்கிறான். “துன்னவனுக்கு நெனப்பு இருக்கும்பா. நான் செத்து எவ்ளோ வருசமாச்சு, கடைசியா துன்ன களியில உப்பு கம்மின்னு இன்னிக்கும் தெரியும்.”

மண்டபம் சிரித்தது. முன் வரிசையில் ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வேங்கடாசலமும் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான். தான் துடைத்ததுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மாலையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்: “யாரு அவ?”

“நீ கேசு சொன்ன மாமா. கேசு மட்டுந்தான் இருந்துச்சு. அதுல ஒருத்தரும் துன்னல, தூங்கல, அழுவல. அதான் நான் ஒருத்திய வெச்சேன்.”

“என்னை ஒரு வார்த்த கேக்காம?”

“கேட்டா வேணாம்னு சொல்லுவ.”

சொல்லியிருப்பான்தான். உண்மை என்பதால் கோபம் இன்னும் ஏறியது.

கூட வேலை செய்பவனுக்குப் பதவி உயர்வு வந்தால் வயிறு எரியலாம், வீட்டுக்கு வந்து திட்டித் தீர்க்கலாம். பெண்டாட்டி மேல் பொறாமை வந்தவன் எங்கே போய்த் திட்டுவான்? வேங்கடாசலத்துக்கு அது அல்லும் பகலும் அரித்தது. அவள் போனைப் பார்த்துச் சிரித்தால், யாருக்குப் பாராட்டு வந்திருக்கிறது என்று எட்டிப் பார்ப்பான், பார்த்து என்ன படிப்பது? அவள் ஏதோ பாட்டு முணுமுணுத்தபடி துணி மடித்தால்கூட, அடுத்து அந்தப் பேய் என்ன பேசும் என்று யோசிக்கிறாள் என்றே தோன்றும். தன் பெயரில் வந்த புகழை அவளிடமிருந்து தான் திருடித் தின்றுகொண்டிருப்பதுபோல் இருந்தது. அந்த நினைப்பைத் தாங்க முடியாமல், அவள்தான் தன்னுடையதைத் திருடினாள் என்று மாற்றி வைத்துக்கொண்டான். மனுஷனுக்கு இதெல்லாம் சுலபமாக வரும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“எழுது. ஒரு எழுத்து மாத்தக் கூடாது. ஒரு மந்திரவாதி வரான். சுந்தராம்பாள சொம்புல அடச்சி, சொர்ணமுகி ஆத்துல போட்டுட்றான். அவ கத முடிஞ்சிது.”

ஏற்கெனவே செத்தவளைச் சாகடிப்பதில் அவனுக்கு அவ்வளவு அவசரம். யாமினி தலை நிமிராமல் கேட்டாள்: “போவறப்போ இன்னா சொல்லிட்டுப் போறா?”

“ஒன்னும் சொல்லல. போறா.”

அவள் அப்படியே அடித்தாள். சத்தியமாக ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

மறுநாள் வந்த கருத்துகளைப் படிக்கச் சொன்னபோது அவள் போனை அவன் கையிலேயே கொடுத்துவிட்டாள். “நான் படிச்சா மாத்திச் சொல்றேம்ப. வேற யார்கிட்டயாவது குடு.” கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் அஷ்வின் வேலூர்ப் பையன், நன்றாகத் தமிழ் படிப்பான். தன் கண்ணில் பூச்சி விழுந்துவிட்டது என்று சொல்லி வேங்கடாசலம் அவனிடம் நீட்டினான்.

“இதையெல்லாம் படிக்கணுமாண்ணா?” என்று தயங்கினான் அஷ்வின். “படிப்பா” என்றான் இவன். அஷ்வின் படித்தான்: “‘இது வேங்கடாசலம் சார் எழுத்தே இல்ல. யாரோ அவர் பேர்ல எழுதறாங்க.’ ‘சார், உங்க அக்கவுண்ட்ட யாரோ திருடிட்டாங்க, போலீஸ்ல சொல்லுங்க.’ ‘எங்க வேங்கடாசலத்த திருப்பிக் குடுங்க.’ எல்லாமே இப்படித்தாண்ணா இருக்கு.”

தொடர் முழுவதிலும் வேங்கடாசலம் ஒருவனே எழுதிய அத்தியாயம் அது ஒன்றுதான்.

அன்று வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், “அவள உயிரோட இஸ்துகினு வந்துடலாம்” என்றான்.

“சொல்லு மாமா, எழுதறேன்” என்று யாமினி போனை எடுத்துக்கொண்டாள்.

அவன் வாயைத் திறந்தான். சொம்பு ஆற்றிலிருந்து கரை ஒதுங்கியது, மூடி திறந்தது, அவள் வெளியே வந்தாள். வந்து நின்றாள். அதற்கு மேல் நகரவில்லை.

“வெளிய வந்து இன்னா பேசுவா அவ?” என்று கேட்டான்.

“எனக்கு இன்னா தெரியும்? உன் கத.”

குத்திக்காட்டினாளா, நிஜமாகவே சொன்னாளா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. ‘இருட்டு ஸ்டேஷன்’ அந்த இடத்திலேயே நின்றுபோனது. சில வாரம் கழித்து, தட்டில் சோறு போடும்போது யாமினி சாதாரணமாகச் சொன்னாள்: “நான் தனியா ஒன்னு ஆரம்பிச்சிக்கிறேன் மாமா. என் பேர்ல.”

“எழுதேன். யாரு வேணான்னா?” என்றான். பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினான்.

மறுநாள் காலை பஸ்ஸில் அஷ்வின் தானாகவே உற்சாகமாக போனைத் தூக்கிக்கொண்டு வந்தான். “அண்ணா, யாரோ யாமினியாம், புதுசா எழுதறாங்க. உங்க சுந்தராம்பாள எடுத்துப் போட்டுக்கினாங்க. கேளுங்க.”

கேட்டான். சொம்பிலிருந்து வெளியே வந்த சுந்தராம்பாள் இப்போது தானே துப்பறிகிறாள், முதல் கேஸ் அவளுடையதே. ஸ்டேஷனில் ஏட்டு கேட்கிறார், உன்னை ஆற்றில் போட்டது யார் என்று. தெரிஞ்சவருதான், என்கிறாள். பேர் சொல்லு, என்கிறார் ஏட்டு.

அஷ்வின் குரலை மாற்றிப் படித்தான்: “‘சொன்னா புடிச்சி உள்ள வெச்சிடுவீங்க. வுடுங்க சார், அவருக்குக் காலையில கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாவும்.’”

படித்துவிட்டு அஷ்வின் விழுந்து விழுந்து சிரித்தான். வேங்கடாசலம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெட்கம் வந்தது, அழுகையும் வந்தது, ஆனால் அதெல்லாம் புத்தூர் தாண்டிய பிறகுதான். முதலில் வந்தது, இந்த வரி ஏன் எனக்கு வரவில்லை என்பதுதான்.