பூட்டிய வீட்டின் படங்கள்

என் மனைவியின் அண்ணன் காரைக்குடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தார். தொண்ணூறுகளின் கடைசியில் பாதி மெஷின்களுக்கு உறை மாட்டி ஓரமாக ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் ஒரு கம்ப்யூட்டரையும் இன்டர்நெட் லைனையும் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு மச்சானுக்கு ஒரே வேலைதான். நோட்டும் கையுமாக வருவார். எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் அன்றாடம் என்ன கஷ்டம் என்று கேட்டு எழுதிக்கொள்வார். திருப்பத்தூர் பஸ் எப்போது வரும் என்று தெரியாத கஷ்டம், கேஸ் சிலிண்டருக்குக் காத்துக் கிடக்கிற கஷ்டம், புதுவயல் மில்லில் நெல்லை இறக்கிவிட்டு லாரி வெறுமனே திரும்புகிற கஷ்டம். ஒவ்வொரு கஷ்டத்துக்கும் இன்டர்நெட்டில் ஒரு வழி உண்டு, அந்த வழியே ஒரு தொழில் என்பது அவர் கட்சி.

நான் எட்டாவது வரை படித்தவன். புதுவயல் மில்லில் மேஸ்திரி. கஷ்டத்தைச் சொல்வதானால் மாதாவிடம் சொல்வேன். ஊரார் கஷ்டத்தை இவர் எதற்கு எழுதி வைக்கிறார் என்று ஆரம்பத்திலேயே எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. பஸ் நேரம் பார்க்க உங்கள் இன்ஸ்டிட்யூட்டுக்கு நடந்து வருவதற்குள் பஸ்ஸே போய்விடுமே என்று ஒருநாள் கேட்டேன். அதையும் ஒரு கஷ்டம் என்று எழுதிக்கொண்டார்.

கடைசியில் அந்த நோட்டு என்னிடமே வந்து நின்றது.

மலேசியாவில் மகனோடு இருந்த ஒரு ஆச்சியின் வீட்டுச் சாவி பதினான்கு வருஷமாக என்னிடம் இருந்தது. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீளும் பெரிய வீடு. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் போய்த் திறந்து, கூட்டி, காற்றாட விட்டுப் பூட்டிவிட்டு வருவேன். எங்கள் தெரு மளிகைக் கடைக்கு ஆச்சி எப்போதாவது போன் போடுவார்கள். ஓடு ஒழுகுதா, கரையான் வந்திருக்கா என்று கேட்பார்கள். நான் சொல்வதைக் கேட்டுக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

மச்சான் அதைப் பிடித்துக்கொண்டார். இந்தப் பக்கம் எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது; மாதம் ஒருமுறை உள்ளே படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு அனுப்பினால் எவ்வளவு நிம்மதி என்றார். பழைய கதவையும் தூணையும் பித்தளையையும் விலை பேசிக்கொண்டு லாரியோடு ஆட்கள் அலைந்த காலம் அது. வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பூட்டுக்குத் தெரியும், சாவிக்குத் தெரியும். மூன்றாவது ஆளுக்கு எதற்கு? கம்ப்யூட்டரில் ஏறிய படத்தை யார் யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் எனக்குப் புரியவில்லை. புரியாததாலேயே சந்தேகம் கூடியது.

அவர் எனக்குச் சொல்லாமலே ஆச்சியின் மகனுக்கு மெயில் போட்டுவிட்டார். மகனிடமிருந்து வந்த இங்கிலீஷ் கடிதத்தை வாசிக்கச் சொல்லி நான்தான் அவரிடம் கொடுத்திருந்தேன். மெயில் முகவரியை அதிலிருந்து எடுத்திருக்கிறார். மகனும் சந்தோஷமாகச் சம்மதித்துவிட்டார். இனி மறுக்க முடியாது.

மறுக்க முடியாது, மறைக்கலாமல்லவா. மில்லிலிருந்து சாக்குகள் கொண்டுபோனேன். முதல்நாளே அண்டா, குத்துவிளக்கு, பீங்கான் ஜாடி எல்லாவற்றையும் உள்ளறைக்குள் தள்ளிப் பூட்டினேன். ஊஞ்சல் பலகையைக் கழற்றினேன். நகர்த்த முடியாத பெட்டகத்தின்மேல் சாக்கைப் போட்டேன். மறுநாள் மச்சான் கேமராவோடு வந்ததும் கூரை ஓடுகளைக் காட்டினேன், வெறும் சுவரைக் காட்டினேன், தரையைக் காட்டினேன்.

"என்ன மாப்பிள்ளை, வீடு மொட்டையா இருக்கு?" என்றார்.

"வீடு ஒழுகலேன்னு காட்டத்தான வந்தீக? காட்டிட்டேன்."

போகும்போது அவர் பையை ஒரு பார்வை பார்த்தேன். அவரும் அதைப் பார்த்துவிட்டார். சொந்த மச்சானையே சோதனை போட்டதாக மனைவி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

எட்டாம் நாள் மளிகைக் கடையிலிருந்து ஆள் வந்தது. போய்ப் போனை எடுத்தேன். கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

ஆச்சி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். குரலை இறக்கி, "தம்பி, ஊஞ்சல எங்க காணோம்? குத்துவிளக்கக் காணோம். எல்லாம் பத்திரமாத்தான இருக்கு?" என்றார்கள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. திருடனுக்குக் காட்டக் கூடாது என்று மறைத்ததில் வீட்டுக்காரருக்கும் மறைத்துவிட்டேன். சாக்கு போட்ட கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது. கடைக்காரர் பருப்பு நிறுப்பதை நிறுத்திவிட்டார்.

போனை மகன் வாங்கினார். தன்மையாகத்தான் பேசினார். உங்கள்மேல் சந்தேகமில்லை, ஆனால் எல்லாப் பொருளையும் வைத்து மறுபடி எடுங்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் நீங்கள் அன்றைய தேதிக் காலண்டர் தாளைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள் என்றார். பழைய படத்தை அனுப்பி ஏமாற்ற முடியாதல்லவா, அதற்காக.

வீட்டுக்கு வந்து, அங்கே உட்கார்ந்திருந்த மச்சானிடம் சொன்னதும், இது நல்ல யோசனை, எல்லா வீட்டுக்கும் இப்படியே செய்யலாம் என்று மச்சான் நோட்டை எடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிவைத்தார். "இப்பத் தெரியுதா மாப்பிள்ளை, அன்னிக்கு என் பையப் பாத்தப்ப எனக்கு எப்படி இருந்துச்சுன்னு?" என்றார்.

அன்று செபமாலை சொல்லும்போது பாதியில் எண்ணிக்கை தவறிப்போனது. நான் ஒன்றையும் எடுக்கவில்லை என்று மாதாவுக்குத் தெரியும். ஊருக்கு யார் சொல்வது? தேதித் தாளைப் பிடித்து நின்றால் பேர் தப்பும். ஆனால் பதினான்கு வருஷம் சாவி வைத்திருந்தவன் அப்படி நிற்பதா?

மறுநாள் நானே அதே கடைக்குப் போய் மலேசியாவுக்குப் போன் போடச் சொன்னேன். ஆச்சிதான் எடுத்தார்கள்.

"எல்லாத்தையும் வச்சுப் படம் எடுத்து அனுப்புறேன் ஆச்சி. பக்கத்துல நானும் நிக்கிறேன். தேதித் தாளப் பிடிக்க மாட்டேன். அது வேணும்னா சாவிய யார்ட்டக் குடுக்கணும்னு சொல்லுங்க, குடுத்துர்றேன்."

"நீங்க நில்லுங்க தம்பி. அது போதும்" என்றார்கள்.

மச்சானைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். எல்லா அறையையும் திறந்துவிட்டேன். பெட்டகத்தோடு நின்றேன், அண்டாவோடு நின்றேன், ஊஞ்சலை மாட்டி அதன் பக்கத்திலும் நின்றேன். மச்சான் ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார்.

அந்தத் தொழில் பெருகவில்லை. வேறு இரண்டு வீட்டுக்காரர்கள் மட்டும் சேர்ந்தார்கள். மற்றவர்களுக்கு எனக்கு வந்த அதே சந்தேகம்தான். அதற்கு மச்சானின் நோட்டில் வழி இல்லை.

படம் போய்ச் சேர்ந்ததும் ஆச்சி பேசினார்கள். விளக்கைப் பற்றியோ ஊஞ்சலைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. "ஏன் தம்பி இப்படி இளைச்சுப் போயிருக்கீக?" என்றுதான் கேட்டார்கள். நிஜமாகவே விசாரிக்கிறார்களா, என் மனம் ஆறட்டும் என்று சொல்கிறார்களா என்று அதையும் கொஞ்ச தூரம் சந்தேகப்பட்டுக்கொண்டே நடந்தேன். வீடு வந்துவிட்டது. மனைவியைக் கூப்பிட்டு, நான் இளைத்துத்தான் போயிருக்கிறேனா என்று கேட்டேன்.