ஆறு தாண்டிய அத்தை

வளையல் அடுக்கிய கர்ப்பிணி பிள்ளை பெறும்வரை ஆறு தாண்டக் கூடாது என்பது எங்கள் குடும்பத்தில் சட்டம். சட்டம் பிறந்தது தாமிரபரணிக் கரையில். பாலம் இல்லாத காலத்தில், வெள்ளத்துக்குப் பயந்த யாரோ ஒரு புத்திசாலி சொல்லி வைத்திருக்க வேண்டும். அப்பா பிழைப்புக்காக மயிலாப்பூர் வந்து மாடவீதிக்குப் பக்கத்தில் பாத்திரக்கடை வைத்தபோது, அண்டா குண்டாக்களோடு இந்தச் சட்டமும் ரயிலேறி வந்துவிட்டது. பல வருஷம் அதற்கு வேலையே இல்லை. அப்பா தன் தங்கையை, அதாவது என் அத்தையை, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் அடையாற்றில் கட்டிக்கொடுத்த பிறகுதான் அதற்கு உயிர் வந்தது.

அத்தைக்கு அதற்கு முன் இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாவது முறைதான் ஏழு மாதம் தாண்டியது. ஆகவே எல்லோரும் அவளை எண்ணெய்க் கிண்ணம் போலக் கையில் ஏந்திக்கொண்டிருந்தார்கள். வளைகாப்பு எங்கள் வீட்டில் நடந்தது. அதுவரை எல்லாம் சரி. சாப்பாட்டுப் பந்தியில்தான் வினை வந்தது. யாரோ கவனிக்காமல் மாமாவை, அதாவது அத்தையின் கணவரை, இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். மாமா அடையாற்றில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தார். இருக்கும் இடம் தெரியாத மனிதர். ஆனால் எப்படிப்பட்ட சாதுவுக்கும் மாப்பிள்ளை முறுக்கு என்று ஒன்று உள்ளே சுருண்டு கிடக்கும்போலிருக்கிறது. பாயசத்தைத் தொடாமல் எழுந்தார். மைத்துனர் தன் வீட்டுக்கு வந்து முறையாக அழைக்காமல் இனி அடையாற்றுப் பாலத்தைத் தாண்டி வருவதில்லை என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்பாவும் சளைத்தவர் இல்லை. அழைப்பதற்காக அடையாறு போவது தன் தலையைக் கொண்டுபோய் அடமானம் வைப்பதற்குச் சமம் என்று நினைத்தார். ஆக, மாமா பாலம் தாண்டி வர மாட்டார். அப்பா பாலம் தாண்டிப் போக மாட்டார். அத்தை பாலம் தாண்டக் கூடாது. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய அந்தப் பாலம், ஊரெல்லாம் போக வர இருந்தும், எங்கள் குடும்பத்துக்கு மட்டும் மூடிக் கிடந்தது.

நாளாக ஆக அத்தை பாதிச் சாப்பாட்டில் எழுந்துகொள்ள ஆரம்பித்தாள். அப்பா அதைப் பார்த்தும் இளகவில்லை. ஒருநாள் இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடி அம்மாவிடம் சொன்னார்: “பிள்ளை பொறக்கட்டும். அதுக்குள்ள அவரு வரலேன்னா அவளும் இங்கதான், பிள்ளையும் இங்கதான்.” அடுப்படியில் இருந்த அத்தைக்கும் கேட்டது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அத்தை நிரந்தரமாக எங்கள் வீட்டில் இருக்கப்போகிறாள், விளையாட ஒரு பாப்பாவும் வரப்போகிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அம்மா அப்பாவை எதிர்த்துப் பேசமாட்டாள். அதற்குப் பதிலாகச் சந்தேகம் கேட்பாள். பாலத்தின் நடுவரை போவது ஆறு தாண்டுவதாகுமா என்று ஒரு சந்தேகத்தைக் கிளப்பினாள். விவகாரம் ஜோசியரிடம் போனது. அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, அக்கரை மண்ணை மிதித்தால்தான் தாண்டியதாகும், நடுப்பாலம் எந்தக் கரைக்கும் சேர்த்தியில்லை என்று தீர்ப்புச் சொன்னார். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை அத்தை இந்தப் பக்கத்திலிருந்து நடந்து போகட்டும், மாமா அந்தப் பக்கத்திலிருந்து வரட்டும், நடுவில் நின்று கொஞ்சநேரம் பேசிவிட்டு அவரவர் திரும்பட்டும் என்றாள் அம்மா. இதில் யார் சபதமும் கெடாது. அடையாற்றிலிருந்து கடைக்கு வரும் வாடிக்கைக்காரர் ஒருவர் மூலம் மாமாவுக்குச் சேதி போனது.

துணைக்கு யார் என்ற கேள்வி வந்தது. பெரியவர்கள் யாராவது போனால் நாம் இறங்கி வந்ததாக ஆகிவிடும், சின்னப்பிள்ளை போனால் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை என்று அம்மா சொன்னாள். இது அப்பாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. கிளம்பும்போது அம்மா என்னை அப்பாவுக்கு முன்னால் நிறுத்தி, பாலத்துக்கு முந்தின ஸ்டாப்பில் இறங்க வேண்டும், தூங்கிவிடாதே, பராக்குப் பார்க்காதே என்று தெரு முழுக்கக் கேட்கிறாற்போல் சொல்லி அனுப்பினாள். கையில் ஒரு துணிப்பை. மாமாவுக்கு முறுக்கும் அதிரசமும் என்றாள். அந்த முறுக்கு என்ன கனம் கனத்தது! கோயில் குளக்கரை பஸ் நிறுத்தம் போவதற்குள் எனக்குத் தோள் இற்றுவிட்டது.

அடையாறு பஸ் கூட்டமாக வந்தது. அத்தையின் வயிற்றைப் பார்த்து ஒரு அம்மாள் எழுந்து இடம் கொடுத்தாள். நான் பக்கத்தில் பையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு நின்றேன். மந்தைவெளி தாண்டியதும் வீடுகள் குறைந்து மரங்கள் கூடின. காற்றில் உப்பும் சேறும் கலந்த ஆற்று வாடை வந்தது. பெரிய பொறுப்பு என் தலைமேல் இருப்பதால் நான் கண்ணை இமைக்கக்கூட இல்லை. நிறுத்தம் வந்ததும் அத்தையின் கையைப் பிடித்து இழுத்தேன்.

“இரு, கூட்டம் இறங்கட்டும்” என்றாள் அத்தை.

கூட்டம் இறங்கியது. அத்தை எழுந்திருக்கவில்லை. புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். செருப்பைக் காலால் தேடினாள். விசில் ஊதிவிட்டது. பஸ் நகர்ந்ததும் பெரியவர்கள் கத்துவது போலவே “ஹோல்டான், ஹோல்டான்” என்று கத்தினேன். கண்டக்டர் பின்னாலிருந்து ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தார்.

“இன்னா பாப்பா, ஸ்டாப்பிங்ல நிக்கசொல்ல இன்னா பண்ணிக்கினு இருந்தே? பாலத்து மேலல்லாம் நிறுத்த முடியாது. அந்தாண்ட போய் எறங்கிக்க.”

அதற்குள் பஸ் பாலத்தில் ஏறிவிட்டது. பக்கத்தில் புதுப்பாலத்துக்கான தூண்கள் ஆற்றுக்குள் மொட்டையாக நின்றுகொண்டிருந்தன. பழைய பாலம் குறுகல். எதிரே ஒரு லாரி வர, பஸ் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தது. அத்தை வயிற்றின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கை நிறைய வளையல்கள். அவை விடாமல் ஒலித்துக்கொண்டிருந்தன. நான் அழுதேன். பாப்பா செத்துப்போய்விடும், நான்தான் கொன்றேன் என்று நிச்சயமாக நம்பினேன்.

அக்கரையில் முதல் நிறுத்தத்தில் இறங்கினோம். பார்த்தால், நடுப்பாலத்தில் நிற்க வேண்டிய மாமா அந்த நிறுத்தத்தில் குடையோடு நின்றுகொண்டிருந்தார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது போல இருந்தது எனக்கு. அத்தையை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் முதலில் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். உடனே திரும்பிப் போய்விடலாம் என்று நான் அத்தையின் புடவையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

“ஒருதடவை தாண்டினதே தப்பு. திரும்பவும் தாண்டச் சொல்லுதியா?” என்றாள் அத்தை. முகம் வெளுத்திருந்தது, ஆனால் அழவில்லை. மாமா என்னை எதிர்த்திசை பஸ்ஸில் ஏற்றி, குளக்கரையில் இறக்கிவிடும்படி கண்டக்டரிடம் சொல்லிவிட்டார். ஜன்னல் வழியே பார்த்தபோது இருவரும் ஒரே குடைக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு மழையும் இல்லை, பெரிய வெயிலும் இல்லை.

அப்பா ஜோசியரிடம் ஓடினார். தாண்டியது ஒரு தோஷம், திரும்பித் தாண்டினால் இரட்டைத் தோஷம், இருக்கும் கரையிலேயே இருக்கட்டும் என்று அவரும் அத்தை சொன்னதையே சொல்லித் தட்சணை வாங்கிக்கொண்டார். அத்தைக்கு அடையாற்றிலேயே ஆண் குழந்தை பிறந்தது. தங்கை பிள்ளைக்குத் தாய்மாமன் வந்து சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்காவிட்டால் எப்படி? சேதி வந்த அன்றே அப்பா வெள்ளிக் கிண்ணத்தோடு பஸ் ஏறினார். அவர் பாலம் தாண்டிவிட்டதால் மாமாவின் சபதமும் தானே நிறைவேறிவிட்டது. பிள்ளைக்குப் பெயர் வைத்த அன்று அப்பாவை முதல் பந்தியில், முதல் இலையில், மாமாவே கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நான் தனியாக வீடு திரும்பி நடந்ததைச் சொன்னதும், அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். அன்று வாங்கிய வசவைப் போல் என் ஆயுளில் வாங்கியதில்லை. படித்துப் படித்துச் சொன்னேனே, கண்ணைப் பிடரியிலா வைத்திருந்தாய், உன்னை நம்பி அனுப்பினேனே என்று அம்மா போட்ட போட்டில், கோபமாக எழுந்த அப்பாவே “சரி விடு, சின்னப்பிள்ளை” என்று எனக்குப் பரிந்து பேசும்படி ஆகிவிட்டது. பிறகு அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். கதவோரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: “பையை அத்தைகிட்ட ஒழுங்காக் குடுத்துட்டியா?”

மாமா வாங்கிக்கொண்டதாகச் சொன்னேன். அம்மா பெருமூச்சு விட்டு, முந்தானையால் என் மூக்கைத் துடைத்து, டப்பாவிலிருந்து அதிரசம் எடுத்துத் தந்தாள். டப்பாவில் முறுக்கும் அதிரசமும் காலையில் பார்த்தபடி நிறைய இருந்தன. கொல்லைக் கொடியில்தான் அத்தையின் புடவை ஒன்றுகூட இல்லை. அங்கே ஒரு பாப்பாவின் உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கிறது, இவளுக்குப் பையைப் பற்றியல்லவா கவலை என்று எனக்கு வெறுத்துப்போனது. அதிரசத்தைத் தின்றுகொண்டே, இவ்வளவு கல்நெஞ்சுக்காரியா என் அம்மா என்று நினைத்து அழுதேன்.