ஊசிமுனை தேடியவன்

திருப்பூரில் டிடெக்டிவ் என்றால் தொப்பியும் துப்பாக்கியும் கிடையாது; எனக்குச் சேலையும் கைப்பையும்தான். மாப்பிள்ளை குடிப்பானா, பெண்ணுக்கு வேறு யார்மேலாவது ஆசை உண்டா என்று கல்யாணத்துக்கு முன்னால் விசாரித்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. டீக்கடை, சலூன், கம்பெனி வாசல் போதும், ஓர் ஆளின் ஜாதகமே கைக்கு வந்துவிடும். அப்பேர்ப்பட்ட என்னால் சொந்தத் தம்பியைக் கண்டுபிடிக்க முடியவில்லை. "ஊரார் ஊட்டு மாப்பிள்ளையெல்லாம் தோண்டித் துருவற, உன்ற தம்பி எங்க கண்ணு?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நியாயமான கேள்வி என்பதால் எரிச்சல் இன்னும் கூடும்.

அவன் போனது ஓர் ஊசியால். அப்பா சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்தினார். தம்பி அங்கே டெய்லர். தைக்கும்போது ஊசி உடைந்தால் துண்டுகள் எல்லாம் கிடைக்கும்வரை அந்த மெஷின் ஓடக்கூடாது. துண்டுகளைக் காட்டினால்தான் புது ஊசி. ஒருநாள் தம்பியின் ஊசி உடைந்தது; வாசலில் சரக்கு ஏற்ற லாரி நின்றது, முனை மட்டும் கிடைக்கவில்லை. அவன் அவசரத்தில் வேறு ஊசியைப் போட்டு ஓட்டிவிட்டான். அந்த முனை ஒரு குழந்தைச் சட்டையில் சிக்கியிருந்து, ஆர்டர் கொடுத்தவர்களின் சோதனையில் மாட்டியது. எந்தக் குழந்தையும் போடுவதற்கு முன்பே மாட்டியது எங்கள் புண்ணியம். ஆர்டர் போயிற்று, கம்பெனியையும் மூடினோம். "இனி என்ற மூஞ்சியில முழிக்காதே" என்றார் அப்பா. மறுநாள் காலையில் அவன் இல்லை. போனைக்கூட வைத்துவிட்டுப் போயிருந்தான்.

போலீசில் புகார் கொடுத்தோம். நான் லாட்ஜ், பஸ் ஸ்டாண்டு, பழனி, பெங்களூர் என்று அலைந்தேன். அடையாளம் தெரியாத உடல் என்று தகவல் வந்தால் போய்ப் பார்த்ததும் நான்தான். அவன் இல்லை என்று தெரிந்ததும் முருகனைக் கும்பிடுவேன், அடுத்த நிமிடமே அவனை வண்டி வண்டியாகத் திட்டுவேன். அம்மா தினமும் அவனுக்கும் சேர்த்தே உலை வைத்தாள். அப்பா அவன் பேச்சையே எடுப்பதில்லை, ஆனால் வெளிக்கதவைப் பூட்ட மட்டும் விடமாட்டார்.

போன மாதம் ஒரு மாப்பிள்ளை விசாரணைக்காகப் பக்கத்திலேயே இருக்கும் பெருமாநல்லூர் போனேன். அங்கே ஒரு பனியன் கம்பெனிக்கு எதிரே டீக்கடையில் இரண்டு பெண்கள் புலம்பிக்கொண்டிருந்தார்கள்.

"அந்த ஊசிப் பைத்தியம் இன்னைக்கும் தையல் லைனை நிறுத்திப் போட்டான் அக்கா. டீக்குக்கூட வராம தரையில தவழ்ந்துட்டு இருக்கறான். மொதலாளியே போதும்னாலும் கேக்க மாட்டேங்கறான்."

டீ கிளாஸைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். ஓர் ஊசிமுனையால் எல்லாம் இழந்த ஒருத்தனால்தான் அப்படித் தவழ முடியும். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். டெய்லர் எங்கே போவான், இன்னொரு மெஷினுக்குத்தானே போவான்? மாப்பிள்ளையாவது மண்ணாங்கட்டியாவது என்று உள்ளே ஓடினேன்.

மெஷின்களுக்கு நடுவே ஒருவன் முட்டி போட்டுக் காந்தத்தைத் தரையில் இழுத்துக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான், தாடி வேறு. நிமிராமலே, "கொஞ்சம் காலைத் தூக்குங்க" என்றான்.

"மொதல்ல நீ தலையைத் தூக்குடா."

தூக்கினான். "அக்கா" என்று எழுந்தான். நான் அழுதுகொண்டே அவன் முதுகில் இரண்டு வைத்தேன்.

"ஊட்டுக்கு வா."

"அப்பா முழிக்காதேன்னு சொன்னாரே."

அப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "தம்பியப் பாத்துட்டேனுங்கப்பா. பெருமாநல்லூர்ல தைக்கறான். ஊசி உடைஞ்சுபோச்சுன்னு லைனை நிறுத்திப் போட்டு முனையைத் தேடிட்டு இருக்கறான்."

தம்பி என் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டான். பிறகு அப்பாவின் குரல் வந்தது.

"அவசரப்பட வேண்டாம்னு சொல்லு கண்ணு. முனை கெடைச்சப்பறமே கூட்டிட்டு வா. ஊட்டுல சோறு இருக்குது."

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி முட்டி போட்டான். நானும் சேலையைச் செருகிக்கொண்டு அவன் பக்கத்தில் தரையில் தேட ஆரம்பித்தேன். டீ முடிந்து வந்த அந்தப் பெண்கள் திகைத்து நின்றார்கள்.

"இது யாருங்க இன்னொரு பைத்தியம்?"

"எங்க அக்காங்க" என்றான் தம்பி.